விதிப்படி நின்ற புகைபோக்கி

காம்ப்பெல்டவுன்,
ஞாயிறு, ஜூன் 29.

அன்புள்ள மார்னிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம்; உன் சுகத்தை, அதிலும் உன் மூச்சின் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறோம். நீ ஏப்ரலில் எழுதிய கடிதத்திற்கு இத்தனை வாரம் கழித்துப் பதில் எழுதுவதற்குச் சோம்பல் காரணமன்று. பதில் என் கையில் இல்லை; அதைத் தேடி எடுக்க ஒன்பது வாரங்கள் ஆயின. அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஆகஸ்ட் பதினாறாம் தேதி வர இயலாது, கோடையில், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று நீ எழுதியிருந்தாய். அம்மா அதைப் படித்துவிட்டு, "அவ சொல்றதும் சரிதானே, குளிர்காலத்துல வந்து மறுபடியும் ஆம்புலன்ஸ்ல போகணுமா?" என்று கேட்டாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களைத்தான் கழுவினாள் என்பதை நான் கவனித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூலையில் நீ வந்த நான்காம் நாள் விடியலில், மூச்சுத் திணறிய உன்னை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம் அல்லவா. அங்கே ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அப்பா, எனக்கு இந்த வீட்டப் புடிக்கும், வீட்டுக்குத்தான் என்னப் புடிக்கல" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் கட்டடங்களைப் பரிசோதித்துச் சான்று வழங்குவதையே இருபத்தாறு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட ஒருவனிடம், அவனுடைய சொந்த வீட்டைப் பற்றிச் சொல்லத்தக்க வாக்கியம் அன்று அது. உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகுதான், அந்த வாக்கியத்தை ஒரு புகார் மனுவாகப் பதிவு செய்து விசாரித்தால் என்ன என்று தோன்றியது.

ஆகவே காற்றில் மிதக்கும் நுண்துகள்களை எண்ணும் சிறு கருவி ஒன்றை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பெட்டி. நிமிடத்திற்கு ஒரு முறை காற்றை உள்ளிழுத்து ஓர் எண்ணைக் காட்டும். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பதே அந்த எண். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் அவை. மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது, நேரே நுரையீரலின் கடைசி அறை வரை சென்று உட்காரும். எண் பத்துக்குக் கீழே இருந்தால் நல்ல காற்று, இருபத்தைந்தைத் தாண்டினால் உன்னைப் போன்றவர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று எளிமையாக வைத்துக்கொள். கருவியை உன் அறை ஜன்னலின் வெளி விளிம்பில் பொருத்தி, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டு, ஒரு குறிப்பேடு தொடங்கினேன். முதல் பக்கத்தில் தேதி, நேரம், எண், வெப்பம், காற்றின் திசை, மேகம் என்று ஆறு பத்திகள் கோடிட்டபோது அம்மா எட்டிப் பார்த்து, "வாரிக், ஏழாவதா ஒரு பத்தி போட்டு 'பொண்டாட்டி பொறுமை'ன்னு எழுதிக்கோ, அதுவும் தெனமும் மாறும்" என்றாள். அந்தப் பத்தியை நான் போடவில்லை.

முதலில் என் சந்தேகம் காட்டுத்தீத் தடுப்பு எரிப்புகளின் மீது விழுந்தது. மே முதல் வார இறுதியில் மலைப் பக்கம் சருகுக் காட்டைத் திட்டமிட்டுக் கொளுத்தினார்கள். ஞாயிறு காலை சூரியன் செம்பு நாணயம் போல் எழுந்தது, உன் ஜன்னலில் எண் நூற்றுப் பத்து. கண்டுபிடித்துவிட்டேன் என்றே எண்ணினேன். அன்று எனக்கு ஒரு விந்தையான உண்மையும் பிடிபட்டது. எரிப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது காற்றில்லாத, மழையில்லாத, தெளிந்த நாளை. அப்போதுதான் நெருப்பு எல்லை தாண்டாது. ஆனால் அதே அசைவற்ற காற்றுத்தான் புகையையும் போகவிடாமல் நகரத்தின் மேல் பிடித்து வைக்கிறது. நெருப்புக்குப் பாதுகாப்பான நாளே நுரையீரலுக்கு ஆபத்தான நாளாக அமைவதை எந்த விதி கொண்டு சரிசெய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன், விடை கிடைக்கவில்லை. பிறகு, உன்னை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அந்த ஜூலை வாரத்தின் பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். அந்த வாரம் எங்குமே எரிப்பு நடக்கவில்லை. எனவே அந்தச் சந்தேகத்தைக் குறிப்பேட்டில் ஒரே கோட்டால் அடித்தேன்.

அடுத்தது நெடுஞ்சாலை. மே பதின்மூன்று, செவ்வாய், காலை ஆறு மணிக்கு எண் ஐம்பத்தெட்டு. மறுநாள் புதன், அதே ஆறு மணிக்கு ஆறு. செவ்வாய்க்கும் புதனுக்கும் சாலையில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். லாரிக்காரர்கள் யாரும் புதன்கிழமை விரதம் இருப்பதில்லை. மாறியது ஒன்றே ஒன்று. செவ்வாய் மாலை தெற்கிலிருந்து காற்று எழுந்து, விடிய விடிய அடித்து, லேசாகத் தூறலும் போட்டது. இதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது என்றால் நீ சிரிப்பாய். நகரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே அளவு அழுக்கைத்தான் வெளியே விடுகிறது. அது நல்ல காற்றா கெட்ட காற்றா என்பதை முடிவு செய்வது வானிலை. காற்று அடித்தால் வாரிக்கொண்டு போகிறது, மழை பெய்தால் கழுவித் தரையில் சேர்க்கிறது, இரண்டும் இல்லாவிட்டால் அத்தனையும் நம் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது. நீ குடியிருக்கும் பெர்கனில் நாள் தவறாமல் மழை என்று சலித்துக்கொள்கிறாயே, ஓராண்டாக நீல இன்ஹேலரைத் தொடவே இல்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? ஆனால் ஒரு எச்சரிக்கை. மலைகள் சூழ்ந்த ஊர் அது. ஜனவரியில் மழையும் காற்றும் ஓய்ந்து, வானம் பளிச்சென்று தெளிந்து, குளிர் கடித்தால், அந்த நாட்களில் மூச்சு எப்படி இருக்கிறது என்று தேதியோடு குறித்து எனக்கு அனுப்பு. அழகான நாளை நம்பாதே என்பது என் இப்போதைய கருதுகோள்.

மூன்றாவதாக நான் செய்தது எனக்குப் பெருமை தருவதன்று. பக்கத்து வீட்டு ஃபெலெட்டி ஞாயிறுதோறும் தேவாலயத்திற்குப் போகுமுன் பின்கட்டில், தரையில் குழி தோண்டிக் கல்லைச் சுடவைத்துச் சமைக்கும் குழியடுப்பு மூட்டுவார், உனக்குத் தெரியும். மே பதினெட்டாம் தேதி குறிப்பேடும் பேனாவுமாக வேலியருகே போய், நெருப்பு வைக்கும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் கல்லைப் புரட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "வாங்க இன்ஸ்பெக்டர், குழிக்கும் வேலி போடணுமா? யாரும் உள்ள விழுந்து நீந்த மாட்டாங்க" என்றார், நீச்சல்குள வேலிகளை அளப்பதும் என் வேலை என்பதால். அவர் மனைவி கலீசி சமையலறை ஜன்னலிலிருந்து, "அவரு கேக்கறதுக்குப் பதில் சொல்லுய்யா, பாவம், மனுஷன் ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கறாரு" என்றாள். காலை ஐந்தரைக்கு என்று பதில் வந்தது. நான் அங்கேயே நின்று ஏட்டைப் புரட்டினேன். உன் ஜன்னலில் எண் ஏறத் தொடங்குவது சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு. உச்சம் தொடுவது நாலரைக்கு. ஐந்தரை மணி நெருப்பு நாலரை மணிப் புகைக்குப் பொறுப்பாக முடியாது. மன்னிப்புக் கேட்டேன். ஃபெலெட்டி சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். அவர் முதல் பேருந்தை எடுப்பவர் அல்லவா, "விடியக்காத்தால பஸ்ஸ ஓடைப் பக்கம் எறக்கினா உள்ள புகை நாத்தம் குப்புன்னு வருது இன்ஸ்பெக்டர், தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏத்தினா சுத்தமா இல்ல. கண்ணாடி தொறந்தாலும் அப்படித்தான், மூடினாலும் அப்படித்தான்" என்றார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "ஆமா, உங்க வீட்டுச் சிம்னிய எப்பவாச்சும் வெளிய நின்னு பாத்திருக்கீங்களா?" என்றும் கேட்டார். நம் புகைபோக்கி விதிப்படி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கூரை முகட்டுக்கு மேல் அறுநூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நம்முடையது அறுநூற்று நாற்பது. நானே ஏணியில் ஏறி அளந்தது. மதியம் கலீசி சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியை ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பினாள். சந்தேகப்பட்டவனுக்கு அவ்வளவு தந்திருக்க வேண்டியதில்லை.

அவர் சொன்ன மேடும் ஓடையும் என் மனத்தில் தங்கிவிட்டன. ஜூன் ஐந்து, வியாழன், மேகமே இல்லாத, இலை அசையாத விடியல். ஆறேகாலுக்குக் காரை எடுத்துக்கொண்டு முதலில் ஓடைப் பாலத்துக்கு இறங்கினேன். காரின் வெப்பமானி ஒரு டிகிரி காட்டியது. நம் வாசலில் மூன்று. தண்ணீர்த் தொட்டி மேட்டில் எட்டு! மேலே போகப் போகக் குளிரும் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே தலைகீழாக இருந்தது. நம்ப முடியாமல் மறுபடியும் இறங்கி மறுபடியும் ஏறினேன், அதே எண்கள். தெளிந்த இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. சூடான காற்று அதன் மேல் மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. மூடிக்குக் கீழே எழும் எதுவும் மேலே போக முடியாது. மேகம் இருந்தால் அது போர்வை போலத் தரையின் சூட்டைக் காக்கும், மூடி உருவாகாது; காற்று அடித்தால் கலக்கிவிடும்; ஒன்றும் இல்லாவிட்டால் காலை ஒன்பதரை, பத்து மணிக்கு வெயில் தரையைச் சுடவைக்கும் வரை மூடி திறக்காது. இதையெல்லாம் புத்தகத்தில் முன்பே படித்திருக்கலாம். ஆனால் மேட்டில் நின்று கண்ணால் பார்த்தது வேறு. ஏழு மணிக்குக் கால் மணி இருக்கும்போது வெளிச்சம் வந்தது. கீழே பள்ளம் முழுவதும் பால் ஊற்றியது போல, மேல்பரப்பை மட்டக்கோல் வைத்துச் சமன் செய்தது போல, சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. அதற்குள்ளிருந்து வீடுகளின் கூரைகள் தெரிந்தன. அம்மாவின் பறவை பார்க்கும் பைனாகுலரைக் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு புகைபோக்கியிலிருந்தும் புகை நேராக எழுந்து, ஓர் உயரத்தில் தலை முட்டியது போல் நின்று, பக்கவாட்டில் படர்ந்தது. அழகாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு பைனாகுலரை நம் கூரைக்குத் திருப்பினேன்.

மார்னி, நம் புகைபோக்கியிலிருந்து வந்தது மற்ற வீடுகளினதைப் போல எழவே இல்லை. தடித்த, மஞ்சள் கலந்த, சோம்பலான புகை. இரண்டு மீட்டர் எழுந்து, களைத்தது போல் மடிந்து, ஓட்டின் மேல் உருண்டு, துணி துவைக்கும் அறைப் பக்கமாக இறங்கி, ஓடைச் சரிவை நோக்கி வழிந்தது. அந்த வழியில் ஒரே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. உன் ஜன்னல். அதன் விளிம்பில் என் வெள்ளைப் பெட்டியும் இருந்தது. அன்று அதில் பதிவான எண் எண்பத்திரண்டு.

காரணம் எனக்கு உடனே தெரிந்தது, ஏனெனில் அந்தக் காரணம் நான்தான். படுக்கப் போகுமுன் விறகுக் கணப்பில் கடினமான அயர்ன்பார்க் மரத்தின் பெரிய கட்டை ஒன்றை வைத்து, காற்றுத் திறப்பை முழுவதுமாக மூடிவிடுவது என் வழக்கம். காலையில் திறந்தால் கங்கு உயிரோடு இருக்கும், ஒரு தீக்குச்சி செலவில்லாமல் மறுபடி பற்றும். இந்தத் தெருவில் ஒரே கட்டையை விடியும் வரை காப்பவன் நான்தான் என்று பார்பிக்யூ விருந்துகளில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயும் கேட்டிருக்கிறாய். காற்று கிடைக்காத கட்டை எரிவதில்லை, புகைகிறது. இரவு முழுவதும், குளிர்ந்த புகையாக, எழும்பத் தெம்பில்லாத புகையாக. வீட்டுக்கு வந்ததும் கணப்பின் கையேட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறையில் இட்டு, நாளிட்டு, நானே கோப்பில் வைத்தது. பதினோராம் பக்கத்தில், கட்டை போட்டபின் திறப்பை மூடி இரவு முழுவதும் விடலாகாது என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் அந்தப் பக்கத்தை விரலால் சுட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நம் வீட்டில் உயரத்தை அளந்தேன், இடைவெளியை அளந்தேன், திறப்பை மூடும் கையை அளக்கவில்லை. விதி காற்று வீசும் என்று எண்ணி எழுதப்பட்டது. காற்று வீசாத இரவில் அறுநூற்று நாற்பது மில்லிமீட்டருக்கு அர்த்தம் இல்லை.

உன் சிறுவயதுக் குளிர்காலங்களை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதலில் உன் அறைக் கம்பளத்தைப் பிய்த்தோம். பிறகு வேலியோரப் புதரை வெட்டினோம். உனக்குப் பதினொரு வயதானபோது, பூனை ரோமம்தான் காரணம் என்று நான் தீர்மானித்து, நம் பூனை அட்மிரலைக் கோல்பர்னுக்கு உன் பெரியம்மா மெரில் வீட்டுக்கு அனுப்பினேன். நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இருமிக்கொண்டே பேசினாய். ஜூன் மாத நீண்ட வார இறுதியில் நாங்கள் கோல்பர்ன் போயிருந்தோம். அட்மிரலுக்கு இப்போது பதினைந்து வயது, ஒரு கண் பூத்திருக்கிறது, ஹீட்டர் பக்கத்தில் நாளெல்லாம் கிடக்கிறது. நான் அதன் அருகே மண்டியிட்டு உட்கார்ந்து சற்று நேரம் இருந்தேன். மெரில் டீக்கோப்பையோடு வந்து நின்று, "மன்னிப்புக் கேக்கறியா? அது மன்னிச்சிருச்சுன்னு நெனச்சுக்காத வாரிக், அது தூங்குது" என்றாள். உன்னிடம் கேட்பதும் பாக்கி இருக்கிறது. பதின்மூன்று ஆண்டு தாமதமாக இங்கே எழுத்தில் கேட்கிறேன். பூனை குற்றமற்றது, வழக்கைச் சரியாக விசாரிக்காதவன் நான்.

கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதால் சோதனையும் செய்தேன். ஜூன் இருபத்திரண்டு வரை, மேகமற்ற அசைவற்ற இரவுகள் பத்து கிடைத்தன. ஐந்தில் வழக்கம்போல் கட்டை வைத்தேன், ஐந்தில் கணப்பை மூட்டவே இல்லை. கட்டை வைத்த விடியல்களில் சராசரி எழுபத்தொன்று, வைக்காதவற்றில் முப்பத்து மூன்று. பனிமூட்டம் வந்த இரு விடியல்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஈரத்தில் துகள்கள் தண்ணீர் குடித்து ஊதிவிடுகின்றன, சிறு கருவிகள் அதைக் கண்டு ஏமாந்து இருமடங்கு சொல்கின்றன. அரசு அளவை நிலையத்தின் எண்களோடு ஒப்பிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன், இதற்கே தனியாக ஒரு கடிதம் எழுதலாம், வேண்டாம் என்று அம்மா சொல்கிறாள். மூட்டாத இரவுகளில் அவள் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு கம்பளியுமாகச் சோபாவில் உட்கார்ந்து, "விஞ்ஞானம் எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்போது கணப்பை நிரந்தரமாக நிறுத்திவிட்டோம், சுவரில் சூடும் தரக்கூடிய ரிவர்ஸ் சைக்கிள் ஏசி வைத்தாயிற்று. ஓரளவு சூடு வருகிறது, ஆனால் நெருப்பின் வெளிச்சம் இல்லையே என்று அவளுக்குக் குறை. காலிக் கணப்புக்குள் ஒரு சிறு மேசை விளக்கை வைத்து ஏற்றியிருக்கிறாள். விருந்தாளிகள் கைகளை நீட்டிக் காய்ச்ச முயன்று ஏமாறுகிறார்கள்.

ஆனால் முப்பத்து மூன்று என்பது உனக்குப் போதாது. நான் திருந்தியும் பாதிதான் குறைந்தது என்பதே அதன் பொருள். மிச்சம் பள்ளத்தில் தேங்குவது மற்ற வீடுகளினுடையது, அதற்கப்பால் நகரத்தினுடையது. நம் சரிவின் மேல் விளிம்பில் விறகு எரிப்பவை நம்மைத் தவிர ஏழு வீடுகள். இவர்கள் யாரும் எந்த விதியையும் மீறவில்லை, ஆகையால் என்னிடம் அதிகாரம் எதுவும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு அதிகாரம் இல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது எவ்வளவு கடினம் என்பது எனக்கு இதுவரை தெரியாது. ஏட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று அறிவுரை சொல்லி ஃபெலெட்டியும் கூட வந்தார். ஒவ்வொரு வாசலிலும், "நோட்டீஸ் ஒட்ட வரலீங்க, கெஞ்ச வந்திருக்காரு, தேதி குறிச்சு வச்சுக்கங்க" என்று அறிமுகம் செய்துவைத்தார். உன் பெயரைச் சொன்னேன், ஆம்புலன்ஸ் வந்த காலையைச் சொன்னேன், நம் புகைபோக்கியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். ஏழில் ஐந்து வீட்டார் ஒத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் யோசிக்கிறார்கள். ஏழாவது வீட்டு நெவில் மட்டும், "என் கட்டை, என் கணப்பு, என் வீடு. ஒம் பொண்ணு வர்றான்னா ஜன்னல மூடச் சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் நீச்சல்குள வேலி இருபது மில்லிமீட்டர் குறைவு என்று திருப்பி அனுப்பியது நான்தான். அதை அவன் மறக்கவில்லை. ஏற்பாடு இதுதான். பிற்பகல் நான்கு மணிக்கு முன்னறிவிப்பைப் பார்ப்பேன். அன்றிரவு வானம் தெளிவு, காற்று இல்லை என்றால் என் மஞ்சள் வேலைச் சட்டையை நம் தபால் பெட்டியின் மேல் மாட்டுவேன். சட்டை தொங்கும் நாளில் அந்த ஐந்து வீட்டிலும் விறகு மூட்ட மாட்டார்கள். மற்ற நாட்களில் அவர்கள் விருப்பம், ஏனெனில் மற்ற நாட்களில் காற்றே பார்த்துக்கொள்கிறது. வியாழக்கிழமை முதன்முறையாகச் சட்டையை மாட்டினேன். வெள்ளி காலை ஐந்து மணிக்கு எண் பதினான்கு. வேலைக்குப் போகும் வழியில் ஃபெலெட்டியின் பேருந்து நம் வாசலில் ஒரு நொடி நின்று இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. பயணிகளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. வா என்று நான் எழுதப் போவதில்லை. இந்த வீட்டைப் பற்றி என் சான்றிதழை நம்பிப் பலமுறை மூச்சுத் திணறியவள் நீ. ஆகவே என் வார்த்தையை நம்ப வேண்டாம். கருவியை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து உன் கட்டிலில், தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அது காட்டும் எண்ணைக் கைப்பேசியில் எங்கிருந்தும் பார்க்கலாமாம். அதற்கான இணைப்பை அம்மா உனக்கு அனுப்புவாள். அங்கே உனக்கு இரவு ஒன்பது மணி ஆகும்போது இங்கே காலை ஐந்து. படுக்கப் போகுமுன் ஒரு முறை உன் அறையின் காற்றை நீயே பார்த்துக்கொள். காற்று வீசும் நாளை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதே, சட்டை தொங்கும் நாட்களைப் பார். அவற்றின் தேதிகளை உனக்கு எழுதிவிடுகிறேன். கடந்த பத்து ஆண்டுப் பதிவுகளின்படி ஆகஸ்ட் நடுவாரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வரும் நாட்கள் ஏறக்குறைய பாதி, அது உனக்குச் சாதகம். மீதிப் பாதிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். மூன்று வாரம் பார்த்துவிட்டு முடிவு செய். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது எண்களைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்கும், அதில் எனக்கு வருத்தம் இருக்காது. அம்மாவுக்கு இருக்கும், அதை மறைத்தால் இந்தக் கடிதம் முழுமையாகாது. நீ வருவதாக இருந்தால் பிறந்தநாளன்று குழியடுப்புச் சமையல் எங்கள் பொறுப்பு என்று கலீசி சொல்லிவிட்டாள். மூடி திறந்த பிறகு, பத்து மணிக்கு மேல்தான் நெருப்பு வைப்பேன், அதுவும் இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்கிறார் ஃபெலெட்டி.

காலையும் மாலையும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை, நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்திவிடாதே. நன்றாக இருப்பதே அதனால்தான். மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த திட்டத் தாளில் ஒரு பிரதியை உன் பையில் வை, ஒன்றை எனக்கு அனுப்பு. எங்கே இருந்தாலும் உன் நெஞ்சு நிறையக் காற்று இருக்கட்டும், அது சுத்தமாக இருக்கட்டும். நானும் அம்மாவும் காலை எழுந்ததும் வேண்டிக்கொள்வது இது ஒன்றுதான். வருவதென்றால் தடித்த ஸ்வெட்டர் இரண்டு கொண்டுவர மறக்காதே. இந்த வீட்டில் இப்போது குளிர்கிறது.

என்றும் அன்புடன்,
உன் அப்பா,
வாரிக் ஹேஸல்டைன்.

பின்குறிப்பு: நேற்று எழுதி முடித்து, திங்கள் காலை ஏழு மணிக்கு உறையில் இடுகிறேன். மேகம் இல்லை, காற்று இல்லை, சட்டை தபால் பெட்டியின் மேல் தொங்குகிறது. நம் கூரைக்கு ஏணி வைத்து ஏறி நெவிலின் புகைபோக்கியைப் பார்த்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் அதிலிருந்து புகை வரவில்லை. உன் தலையணை அருகே எண் ஒன்பது.